கச்சேரி அங்கே, நோட்டு இங்கே

2023 அக்டோபர் 4, இரவு எட்டு மணி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாப் டிலன் மேடையேறுகிறார். நமக்கு அப்போது அக்டோபர் 5, காலை ஆறரை. நான் பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்திருந்தேன். என் அக்கா மகள் அந்த ஊரில்தான் வேலை பார்க்கிறாள். ஒரு மாதம் முன்பே அவளைக் கேட்டு டிக்கெட் எடுக்க வைத்திருந்தேன். காலை ஒன்பதேகாலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, நீங்க அனுப்பின லிஸ்ட்ல இல்லாத பாட்டு ஒண்ணு பாடினார். பழைய டான்ஸ் பாட்டு மாதிரி இருந்துச்சு. ஒரு பொண்ணு பேரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிடுறார். ஜனங்க எல்லாம் எழுந்து நின்னு கத்துறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"என்ன பேரும்மா?"

"நடீனோ என்னமோ."

'நடீன்' சக் பெர்ரி 1964-இல் வெளியிட்ட பாட்டு. சக் பெர்ரி பிறந்த ஊர் செயின்ட் லூயிஸ். டிலன் அந்த ஊருக்குப் போய், அந்த ஊர்க்காரரின் பாட்டை அந்த ஊர் ஜனங்களிடமே பாடிவிட்டு வந்திருக்கிறார். அதற்கு மூன்று நாள் முன்பு கான்சஸ் சிட்டியில் 'கான்சஸ் சிட்டி' என்ற பாட்டையே பாடியிருந்தார். அதே மாதம் 29-ஆம் தேதி கனடாவின் மான்ட்ரியலில் லெனர்ட் கோஹனின் 'டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்' பாடினார். கோஹன் மான்ட்ரியலில் பிறந்தவர், 2016-இல் காலமானவர்.

அரங்கில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகளுக்குப் புரியாத ஒன்று, பதினான்காயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்தது. என் கையில் நோட்டு இருந்ததும், அதில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊர் யாருடையது என்று எழுதி வைத்திருந்ததுமே அதற்குக் காரணம். கச்சேரிக்குப் போக முடியாத ரசிகருக்கு என்னவெல்லாம் கிடைக்கும், அதை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. எடுத்துக்காட்டு முழுக்க டிலனுடையது, ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்த பயணம் அவருடையது. உங்கள் பாடகர் வேறு ஒருவராக இருந்தாலும் முறை இதுதான்.

எந்தப் பயணத்தை எடுத்துக்கொள்வது

டிலன் நாட்டுப்பாடல் மரபிலிருந்து வந்தவர். 1961 ஜனவரியில் நியூயார்க் வந்து சேர்ந்த கையோடு, நோயாளியாகக் கிடந்த நாட்டுப் பாடகர் உட்டி கத்ரியைத் தேடிப் போய்ப் பார்த்தார். 1962-இல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலானவை பிறர் பாடல்களும் வழிவழியாக வந்த பழம்பாடல்களும்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் 1992, 1993 ஆண்டுகளில் கிட்டாரும் ஹார்மோனிக்காவும் மட்டும் வைத்துக்கொண்டு பழைய பாடல்களையே இரண்டு ஆல்பங்களாகப் பாடினார். எனவே அவர் மேடையில் பிறர் பாட்டைப் பாடினால் அது பொழுதுபோக்குக்கு அல்ல. நாட்டுப் பாடகன் ஊருக்குத் தக்கபடி பாடுவான். அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

1988 ஜூன் 7 அன்று கலிபோர்னியாவின் கான்கார்டில் தொடங்கிய அவருடைய பயணத்தை ரசிகர்கள் 'முடிவில்லாப் பயணம்' என்று சொல்லிவருகிறார்கள். 2019-க்குள் 3000 கச்சேரிகளைத் தாண்டிவிட்டது. இதை முழுக்கப் பின்தொடர நினைத்தால் மூச்சுத் திணறும். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு சுற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று என்பது மூன்று நான்கு வாரங்கள், பத்திருபது கச்சேரிகள். 2023 அக்டோபரில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து கனடா நோக்கிப் போனது அப்படிப்பட்ட ஒரு சுற்று. அதை ஒழுங்காகப் பின்தொடர்ந்தவருக்கு ஒரு பாடகரைப் பற்றித் தெரியும் அளவு, பத்தாண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டவருக்குத் தெரியாது. இதை அனுபவத்தில் கண்டு சொல்கிறேன்.

பயணத் தேதிகள் பாடகரின் அதிகாரபூர்வத் தளத்தில்தான் முதலில் வரும். அதைப் பார்த்து எழுதுங்கள். யாரோ சொன்னார்கள் என்று எழுதாதீர்கள். அறிவிப்பு வந்த அன்றே மொத்தத் தேதிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது என் வழக்கம். பிறகு ரத்தானால் அடித்துவிட்டு, அடித்த தேதியையும் குறிப்பேன். 2020 ஏப்ரலில் ஜப்பானில் நடக்க இருந்த கச்சேரிகள் அத்தனையும் என் நோட்டில் அப்படி அடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. பெருந்தொற்றால் நின்றுபோன அந்தப் பயணம் 2023 ஏப்ரலில்தான் நடந்தது.

கடிகாரம்

நேரக் கணக்கில் தவறாத ஆள் இல்லை, அதனால் பொறுமையாகப் படியுங்கள். நம் நாட்டுக்கு ஒரே நேரம். ஆண்டு முழுக்க மாறாது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அக்டோபர் கடைசியில் இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் கணக்கு ஒத்துப் போகாது. அமெரிக்காவிலேயே அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

இரவு எட்டு மணிக் கச்சேரி என்று வைத்துக்கொண்டால் கோடைக் கணக்கில் நியூயார்க், மான்ட்ரியல் பக்கம் நமக்கு மறுநாள் காலை 5.30. சிகாகோ, செயின்ட் லூயிஸ் பக்கம் 6.30. கலிபோர்னியா 8.30. குளிர்காலமானால் ஒவ்வொன்றிலும் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். லண்டனில் எட்டு மணி என்றால் கோடையில் நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. டோக்கியோ மட்டும் நமக்கு முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஏழு மணி, இங்கே அதே நாள் பிற்பகல் 3.30.

எனவே நோட்டில் தேதியை எப்போதும் கச்சேரி நடக்கும் ஊர்த் தேதியாகவே எழுதுங்கள். நம் தேதியைப் பக்கத்தில் சிறிதாகப் போடலாம். இதை மாற்றி எழுதி, ஒரு சுற்று முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போய், பிறகு உட்கார்ந்து திருத்தியவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்கக் கச்சேரிகள் நமக்கு நல்ல வேளையில் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். விழித்திருக்கத் தேவையில்லை. விடிகாலையில் எழுந்து, அவர் இப்போது மேடையில் இருக்கிறார் என்ற நினைப்போடு வீட்டு வேலை பார்க்கலாம். வேலைக்குக் கிளம்புவதற்குள் அன்றைய பாட்டு வரிசை தெரிந்துவிடும்.

நோட்டு

என் அப்பா கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டுவிட்டு வந்தால், அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ராகங்களை எழுதி வைப்பார். மார்கழியில் சபாக்களில் மடியில் நோட்டு வைத்துக் குறிக்கும் ரசிகர்களைப் பார்த்திருப்பீர்கள். டிலனின் ரசிகர்கள் செய்வதும் இதைத்தான். அவர்கள் 'செட்லிஸ்ட்' என்கிறார்கள், நாம் பாட்டு வரிசை என்போம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது தொலைவு ரசிகருக்கு மேடையின் வரைபடம் மாதிரி.

ஒரு கச்சேரிக்கு ஒரு பக்கம். தலைப்பில் ஊர், அரங்கு, தேதி. கீழே பாட்டு வரிசை. வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, அன்று மாறியது என்ன என்று எழுத வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு வரி: இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? நேரில் கேட்டவர் சொன்னதா, பத்திரிகையில் படித்ததா, பதிவில் நானே கேட்டதா? அந்த ஒரு வரியைச் சோம்பல்பட்டு விட்டால் நோட்டு கதைப்புத்தகம் ஆகிவிடும்.

இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1966-இல் டிலன் மின்கிட்டாரோடு இங்கிலாந்தில் பாடிய ஒரு கச்சேரியின் திருட்டுப் பதிவு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற பெயரில் பல ஆண்டுகள் உலகம் முழுக்கச் சுற்றியது. கூட்டத்தில் ஒருவர் அவரை 'யூதாஸ்' என்று கத்துகிற புகழ்பெற்ற பதிவு அது. உண்மையில் அது மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் மே 17 அன்று நடந்த கச்சேரி. 1998-இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது ஊரைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் தவறான பெயர் அந்த அளவுக்கு நிலைத்துவிட்டதால், 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தலைப்பில் வைக்க வேண்டியதாயிற்று. நிஜமான ஆல்பர்ட் ஹால் கச்சேரி 2016-இல்தான் தனியே வெளிவந்தது. பதிவை வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஊரையும் தேதியையும் யார் சொன்னது என்று எழுதி வைத்தவர்கள் குறைவு.

ஊர் பற்றிய குறிப்பையும் முன்கூட்டியே எழுதுங்கள். நான் செய்வது இது: சுற்று தொடங்கும் முன் அட்லஸை விரித்து ஒவ்வொரு ஊரையும் பார்ப்பேன். கான்சஸ் சிட்டி மிசூரி மாநிலத்தின் மேற்கு ஓரம், செயின்ட் லூயிஸ் கிழக்கு ஓரம், இடையே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சியையும் தாண்டிப் போகிற தூரம். எண்பதைக் கடந்தவர் அந்தத் தூரம் பயணம் செய்து மறுபடி பாடுகிறார் என்பது வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. பிறகு ஊருக்கு ஒரு வரி: இங்கே பிறந்த பாடகர் யார், இந்த அரங்கில் இவர் முன்பு பாடியிருக்கிறாரா? 'செயின்ட் லூயிஸ் - சக் பெர்ரி' என்ற இரண்டு சொல்தான் எழுதியிருந்தேன். அன்று காலை அது போதுமானதாக இருந்தது.

ஒரே பட்டியலாக இருந்தால்

2021 நவம்பர் 2 அன்று மில்வாக்கியில் 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' பயணம் தொடங்கியது. 2020 ஜூனில் வந்த அதே பெயருடைய ஆல்பத்தின் பாடல்கள்தான் அதன் முதுகெலும்பு. இரவுக்கு ஏறத்தாழ 17 பாட்டு, ஊருக்கு ஊர் பெரும்பாலும் அதே வரிசை. அந்த ஆல்பத்திலேயே மிக நீளமான, 17 நிமிடப் பாட்டான 'மர்டர் மோஸ்ட் ஃபௌல்' மட்டும் மேடையேறவில்லை. தினம் தினம் ஒரே பட்டியலை எழுதுவது வீண்வேலை என்று பலர் பாதியிலேயே நோட்டை மூடிவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். பட்டியல் மாறாதபோதுதான் பாட்டு எப்படி மாறுகிறது என்பது தெரியும். ஒரே கீர்த்தனையை ஒரே வித்வான் பத்து மேடையில் பாடிக் கேட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு சுற்றுக்கு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பின்தொடருங்கள். தொடக்கத்தில் பியானோ தனியாக வந்ததா, மேளத்தோடு வந்ததா? வேகம் கூடியதா? ஹார்மோனிக்கா வந்ததா? வரி மாறியதா? 2002 முதல் அவர் மேடையில் பெரும்பாலும் கீபோர்டு, பியானோ முன்தான் இருக்கிறார். எனவே ஒரு இரவு கிட்டாரைக் கையில் எடுத்தால் அதை அடிக்கோடிட்டு எழுத வேண்டும்.

வரி மாறுவதைக் கேட்டுப் பழக ஒரு பயிற்சி சொல்கிறேன். 'டேங்கிள்டு அப் இன் ப்ளூ' என்ற பாட்டின் மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்து, 1991-இல் வெளிவந்தது. இரண்டு, அதே ஆண்டு டிசம்பரில் மினியாபொலிஸில் மறுபடி பதிவு செய்து 1975 ஜனவரியில் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' ஆல்பத்தில் வந்தது. மூன்று, 1984-இல் லண்டன் வெம்ப்ளியில் மேடையில் பாடி 'ரியல் லைவ்' ஆல்பத்தில் வந்தது. முதல் பதிவின் தொடக்கத்தில் படுக்கையில் கிடப்பவன் 'அவன்'. இரண்டாவதில் அதே இடத்தில் 'நான்'. மூன்றாவதில் மறுபடி 'அவன்', கதையின் வரிகளே பெருமளவு வேறு.

இந்தப் பயிற்சியைத் தமிழில் எழுதிப் பார்த்தால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் மாறியதை மேலோட்டமாகக் கேட்பவர் தவறவிடலாம். தமிழில் சாரத்தை எழுதும்போது 'கிடந்தேன்' என்பதா 'கிடந்தான்' என்பதா என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவு செய்தே ஆக வேண்டும். கை தானாக நிற்கும். அங்கேதான் பாட்டில் ஏதோ நடந்திருக்கிறது. நான் ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழில் நான்கு வரிச் சாரம் எழுதி வைக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

அரங்கில் நமக்கு ஒரு ஆள்

'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' பயணத்தில் அரங்குக்குள் போகும்போதே ரசிகர்களின் கைபேசிகளைப் பூட்டக்கூடிய ஒரு பையில் போட்டுப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். பை நம் கையில்தான் இருக்கும், வெளியே வந்த பிறகே திறக்க முடியும். ஆகவே நேரலை இல்லை, படம் இல்லை, நடுவில் செய்தி இல்லை. தொலைவில் இருக்கும் நமக்கு இது இழப்பு என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மேடையிலிருந்து கண் எடுக்காமல் பார்த்தவர் சொல்லும் சாட்சியம், பாதி நேரம் கைபேசித் திரையைப் பார்த்தவர் அனுப்பும் படத்தைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் பிறக்கிறது. கைபேசியே உள்ளே திறக்க முடியாத கச்சேரிக்கு 'நேரலை இணைப்பு' என்று பணம் கேட்டால் அது மோசடி. நான் ஒரு முறை அப்படி 900 ரூபாய் கட்டி, விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, காலியான திரையின் முன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் திரும்ப வரவில்லை. பாடகரின் தளமோ அரங்கின் தளமோ தானாக அறிவிக்காத எந்த ஒளிபரப்பையும் நம்பாதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் இல்லாத நகரம் இப்போது அமெரிக்காவில் குறைவு. அக்கா மகளோ, தம்பியோடு படித்தவரோ, பக்கத்து வீட்டுப் பையனோ யாராவது இருப்பார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். டிக்கெட் பணத்தை நாம் தருவதாகச் சொல்லிக் கேட்பதுதான் முறை. ஆனால் கச்சேரி முடிந்ததும் 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். 'சூப்பரா இருந்துச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துண்டு துண்டாகக் கேளுங்கள். எந்தப் பாட்டுக்கு ஜனங்கள் எழுந்தார்கள்? எந்தப் பாட்டில் அரங்கம் ஓசையின்றி இருந்தது? அவர் உட்கார்ந்து பாடினாரா, எழுந்து நின்றாரா? ஏதாவது பேசினாரா? (டிலன் மேடையில் பேசுவது மிகக் குறைவு, அதனால் பேசியிருந்தால் வார்த்தைக்கு வார்த்தை குறிக்க வேண்டும்.) உனக்குத் தெரியாத பாட்டு எது வந்தது, அதில் காதில் விழுந்த ஒரு சொல் என்ன? கடைசிக் கேள்விதான் எனக்கு 'நடீன்' பாட்டைக் கொடுத்தது.

கச்சேரி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள். மறுநாள் கேட்டால் அவர் படித்ததும் கேட்டதும் கலந்துவிடும். ஒளித்து ஒலிப்பதிவு செய்யச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். பிடிபட்டால் வெளியே அனுப்பப்படுவது அவர், நாம் அல்ல. பாடகர் தங்கும் விடுதி, வண்டி எண், குடும்பம் என்று தோண்டுவதும் ரசிகர் வேலை இல்லை. மேடை ஏறியதிலிருந்து இறங்கும் வரை நடப்பது மட்டுமே நம்முடையது.

முடிந்துபோன பயணத்தைப் பின்தொடர்தல்

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. உங்கள் பாடகர் இப்போது பயணத்தில் இல்லாமல் இருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். பாடகி ஜோன் பயஸ் 2019 ஜூலை 28 அன்று மாட்ரிட் நகரில் தம் விடைபெறும் பயணத்தை முடித்துக்கொண்டார். அப்போதும் பின்தொடர வழி இருக்கிறது. பழைய பயணம் ஒன்றை எடுத்து, அதே தேதிகளில், நாளுக்கு ஒரு கச்சேரியாகக் கேளுங்கள்.

டிலனைப் பொறுத்தவரை இதற்கான பதிவுகள் அதிகாரபூர்வமாகவே வந்திருக்கின்றன. 1966 பயணம் 36 குறுந்தட்டுகளாக 2016-இல் வந்தது. 1975-இன் 'ரோலிங் தண்டர்' பயணம் 14 தட்டுகளாக 2019-இல் வந்தது. 1974-இல் 'தி பேண்ட்' குழுவோடு போன பயணம் 27 தட்டுகள், 431 பதிவுகளாக 2024-இல் வந்தது. முழுத் தொகுப்பையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. பாட்டுச் செயலிகளில் கிடைப்பதை வைத்துத் தொடங்கலாம்.

முதல் முறைக்கு 1974 நல்லது. ஜனவரி 3 அன்று சிகாகோவில் தொடங்கி பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முடிகிறது. ஆறு வாரம், 40 கச்சேரி. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் போன முதல் பெரும் பயணம். டிக்கெட்டைத் தபாலில் காசோலை அனுப்பித்தான் வாங்க வேண்டியிருந்தது. பொங்கலுக்கு வீட்டில் கோலம் போடும் நாளில் அவர் எந்த ஊரில் இருந்தார் என்று பார்த்து, அன்றைய கச்சேரியை அன்று கேளுங்கள். சில நாள் ஒன்றுமே இருக்காது. அன்று கேட்காதீர்கள். காத்திருப்பதும் பயணத்தின் பகுதிதான். ஒரே மூச்சில் 27 தட்டையும் கேட்பவருக்கு ஜனவரியில் அவர் குரல் எப்படி இருந்தது, பிப்ரவரியில் எவ்வளவு கரடுமுரடாகிறது என்பது பிடிபடாது.

1975 பயணம் வேறு சுவை. அக்டோபர் 30 அன்று மாசசூசெட்ஸின் பிளிமத் என்ற சிறு ஊரில் தொடங்கி, டிசம்பர் 8 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், சிறையில் இருந்த குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டருக்காக நடத்திய கச்சேரியோடு முடிந்தது. பெரும்பாலும் சிறிய அரங்குகள், முன்கூட்டிப் பெரிய விளம்பரம் இல்லை. அந்தப் பயணத்தோடு போன நாடகாசிரியர் சாம் ஷெப்பர்ட் எழுதிய நாட்குறிப்பு 1977-இல் நூலாக வந்திருக்கிறது. நோட்டு எழுதுகிற எவரும் அதைப் படிக்க வேண்டும். பாட்டைப் பற்றிய இடங்களைவிட, பாட்டுக்கு முன்னும் பின்னும் நடந்ததை அவர் குறித்திருக்கும் விதம் கற்றுக்கொள்ளத் தக்கது.

நாம் தனியாக இல்லை

தொலைவிலிருந்து கேட்பது ஏதோ குறைப்பட்ட ரசனை என்று நினைப்பவர்களுக்கு ஷில்லாங்கைச் சொல்வேன். அங்கே லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று டிலனின் பிறந்தநாளுக்குக் கச்சேரி நடத்தி வருகிறார். மேகாலய மலையில் இருந்துகொண்டு அரை நூற்றாண்டாக ஒருவர் இப்படிச் செய்திருக்கிறார். தொலைவைத் தாண்டிய இந்த உறவு ஒருவழியானதும் அல்ல. 1967 இறுதியில் வந்த 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். டிலனின் இருபுறமும் நிற்பவர்கள் வங்காளத்து பாவுல் பாடகர்களான பூர்ண தாஸும் லட்சுமண் தாஸும். அமெரிக்க நாட்டுப் பாடகர் ஒருவரின் அட்டையில் நம் நாட்டுப் பாடகர்கள் இருவர் நிற்கிறார்கள். அந்தப் படத்தை வெட்டி என் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கம்

ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு நாள் விட்டு நோட்டை முதலிலிருந்து படியுங்கள். எந்தப் பாட்டு எத்தனை முறை, எது ஒரே ஒரு முறை என்று எண்ணிக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே ஒரு முறை பாடப்பட்டவற்றின் எதிரே ஊர்ப்பெயரைப் போடுங்கள். அந்தப் பட்டியல்தான் அந்தச் சுற்றின் உயிர்.

அதன் பிறகு கோடு போட்டு மூடிவிடாதீர்கள். 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' பயணத்தின் விளம்பரத்திலேயே 2021 முதல் 2024 வரை என்று அச்சிட்டிருந்தார்கள். 2024 நவம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கடைசிக் கச்சேரி. நமக்கு அப்போது நவம்பர் 15, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. 83 வயதில் இனி வரமாட்டார் என்று நினைத்து, அன்று நோட்டின் அடியில் இரட்டைக் கோடு இழுத்துத் தேதி போட்டேன். நோட்டில் அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட மிச்சமில்லை.

2025 மார்ச் 25 அன்று துல்சாவில் மறுபடி மேடையேறினார். எப்போதும் பத்துப் பக்கமாவது காலியாக விட்டுவையுங்கள்.